லெய்டனில் ஓராண்டு படிக்கப் போகிறேன்: பழைய நகரை நடந்தே அறிய எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: கல்லடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற செப்டெம்பரில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையில் ஓராண்டு முதுமாணிப் படிப்பைத் தொடங்கவிருக்கிறேன். விசா, தங்குமிடம், வங்கிக் கணக்கு போன்றவை பற்றி வேண்டிய விபரங்கள் இங்கே முன்பு நடந்த உரையாடல்களிலேயே கிடைத்துவிட்டன. எழுதியவர்களுக்கு நன்றி. நான் இப்போது கேட்பது வேறொன்று.

புலமைப்பரிசிலில் வாடகை போக எஞ்சுவது சொற்பம் என்பதால் புகையிரதத்தில் ஏறி நாடு முழுவதும் சுற்றிப் பார்க்க முடியாது. ஆனால் லெய்டனின் பழைய நகரம் நடந்தே பார்த்துவிடக் கூடிய அளவிலானது என்று கேள்விப்படுகிறேன். சனி, ஞாயிறுகளிலும் விரிவுரை இல்லாத பிற்பகல்களிலும் நடந்து நடந்தே அந்த நகரை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இணையத்தில் தேடினால் ஒரே நாளில் எதையெதைப் பார்த்து முடிக்கலாம் என்ற பட்டியல்கள்தாம் வந்து குவிகின்றன. காற்றாலை, அருங்காட்சியகம், படம் பிடிக்க ஏற்ற பாலம் என்று அவை சொல்வதெல்லாம் காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். ஓராண்டு அந்தத் தெருக்களில் வாழப்போகும் எனக்கு, ஒரு தெரு ஏன் வளைந்து போகிறது, ஒரு வீடு ஏன் இவ்வளவு ஒடுங்கலாக இருக்கிறது, இந்த இடத்தில் என்ன நடந்தது என்பவற்றையெல்லாம் விளங்கிக்கொண்டு நடக்க விருப்பம்.

அங்கு படித்தவர்கள் அல்லது வாழ்ந்தவர்கள் இருந்தால், எதிலிருந்து தொடங்குவது, போவதற்கு முன் எதை வாசித்துவிட்டுப் போவது, மாரிகாலத்தில் ஒரு பெண் தனியே நடப்பது எப்படியிருக்கும் என்பவற்றைச் சொல்லுங்கள். இன்னுமொன்று. 1638 இல் நமது மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். அந்த நாட்டிலேயே ஓராண்டு இருக்கப் போகும் எனக்கு, நம் பக்கத்தோடு தொடர்புடைய ஏதாவது அங்கே கண்ணில் படுமா?


பதில்: ஆரையம்பதி ஆசிரியர்

அன்புள்ள தங்கைக்கு, முதலில் வாழ்த்துகள். நானும் அந்த நகரில் படித்துத் திரும்பியவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டடங்களில் இருந்து தொடங்காதீர்கள், தண்ணீரில் இருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பழைய நகரைச் சுற்றி ஓர் அகழி ஓடுகிறது. அதன் கரையோரமாக ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நீளத்துக்குப் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைத்து நடைபாதை அமைத்திருக்கிறார்கள். முதல் வார இறுதியில் வேறெதையும் பார்க்காமல் இந்த வட்டத்தை மட்டும் ஆறுதலாக நடந்து முடியுங்கள். அகழி நேராக ஓடாமல் மடிந்து மடிந்து, சில இடங்களில் கூராக வெளியே நீட்டிக்கொண்டு செல்வதைக் காண்பீர்கள். பழைய நகர மதிலின் கொத்தளங்கள், அதாவது காவலுக்காக வெளியே நீட்டிக் கட்டிய மேடைகள், நின்ற இடங்கள் அவை. மதில் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் அதன் வடிவம் நீரில் அப்படியே இருக்கிறது. கிழக்கே 1667 இலும் மேற்கே 1669 இலும் கட்டப்பட்ட இரண்டு நகரவாயில்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சுற்றுலாப் பட்டியல்கள் எல்லாம் முதலில் குறிப்பிடும் 1743 ஆம் ஆண்டுக் காற்றாலையும் ஒரு பழைய கொத்தளத்தின் மேல்தான் நிற்கிறது. மதிலுக்கு மேலே உயர்ந்து நின்றால் காற்றுக்கு மறைப்பில்லை என்பதற்காகவே ஆலைகளை அங்கே கட்டினார்கள். வட்டத்தை நடந்துவிட்டு அந்த ஆலையைப் பார்ப்பவருக்கு இது தானாகவே விளங்கும்.

இரண்டாவதாக நகரின் உள்ளே போங்கள். பழைய ரைன், புதிய ரைன் என்று இரண்டு கிளைகள் கிழக்கிலிருந்து வந்து நகரத்தின் நடுவில், மாநகர மண்டபத்துக்கு அருகே ஒன்றுசேர்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மனிதர் மண்கொட்டி எழுப்பிய ஒரு மேடும், அதன் உச்சியில் வட்டமான கல்மதிலும் இருக்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. மதிலின் மேலே ஏறி ஒரு சுற்று நடந்தால் கூரைகளுக்கு மேலாக இரண்டு பெருந்தேவாலயங்களையும் மாநகர மண்டபக் கோபுரத்தையும் பார்த்து, நகரின் அமைப்பை மனதில் பதித்துக்கொள்ளலாம். புதன், சனிக் கிழமைகளில் புதிய ரைனின் இரு கரைகளிலும் சந்தை கூடும். மீனும் பாற்கட்டியும் மரக்கறியும் அங்கே மலிவு. மாலையில் கடை கட்டும் நேரத்தில் விலை இன்னும் இறங்கும் என்பதையும் மாணவியாகிய உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீரில் தொடங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம், அந்த நகரத்தின் வரலாற்றையே தண்ணீர்தான் திருப்பியது. 1573 முதல் 1574 வரை ஸ்பானியப் படைகள் லெய்டனை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் பசியாலும் கொள்ளைநோயாலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். வெளியிலிருந்து படை கொண்டுவர வழியில்லாத நிலையில், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஒராஞ்சு இளவரசர் வில்லியத்தின் தரப்பினர் தெற்கே ஆற்றணைகளை வெட்டித் தங்கள் சொந்த வயல்நிலங்களையே வெள்ளத்தில் மூழ்கடித்து, அந்த வெள்ளத்தின் மேல் தட்டையான அடிப்பகுதியுடைய படகுகளை விட்டார்கள். நீர் போதிய அளவு உயரவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்த பின் காற்றுத் திசைமாறிக் கடல்நீரை உள்ளே தள்ள, ஒக்டோபர் 3 ஆம் திகதி படகுகள் நகரை வந்தடைந்தன. மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, விளைந்த நிலத்துக்குள் வேண்டுமென்றே நீரைத் திறந்துவிட்ட அந்த முடிவின் பாரம் மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும். மறு ஆண்டே, 1575 இல், நீங்கள் படிக்கப்போகும் பல்கலைக்கழகம் அங்கே நிறுவப்பட்டது. முற்றுகையைத் தாங்கிய நகருக்கு வில்லியம் அளித்த பரிசு அது என்றே அங்கு எல்லோரும் சொல்வார்கள். இன்றும் ஒக்டோபர் 3 அந்த நகரத்துக்கு விடுமுறை நாள். அன்று காலையில் ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணும் வழங்குவார்கள். கரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மசித்துச் செய்த உணவை வீட்டுக்கு வீடு சமைப்பார்கள்.

சட்டம் படிக்கப் போகிறீர்கள் என்பதால் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். உங்கள் பீடம் ஸ்டேன்ஸ்கூர் என்ற கால்வாயின் ஓரத்தில், காமர்லிங் ஒன்னஸ் என்ற இயற்பியலாளரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் இருக்கிறது. 1908 இல் ஹீலியம் வாயுவை உலகிலேயே முதன்முதலாகத் திரவமாக்கியதும், 1911 இல் கடுங்குளிரில் மின்தடை முற்றாக மறையும் மீகடத்துதிறனைக் கண்டறிந்ததும் அங்கே இருந்த ஆய்வுகூடத்தில்தான். அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1807 ஜனவரி 12 ஆம் திகதி வெடிமருந்து ஏற்றிய கப்பலொன்று அந்தக் கால்வாயில் கட்டப்பட்டிருந்தபோது வெடித்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. அந்த இடத்தில் திரும்ப வீடுகள் எழவில்லை. நெடுங்காலம் வெறும் நிலமாகக் கிடந்து, பின்னர் ஒரு பகுதி பூங்காவாகவும் ஒரு பகுதி ஆய்வுகூடமாகவும் ஆனது. நெருக்கமாக ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இடையே திடீரென்று இவ்வளவு அகலமான பூங்கா ஏன் வந்தது என்று கேட்டுக்கொண்டே எத்தனையோ பேர் அதைக் கடந்து போகிறார்கள். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடிக் கரையிலும் வெறுமையாகிப்போன வளவுகளைப் பார்த்த பிள்ளைக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

பீடத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் ராப்பன்பர்க் கால்வாய் வரும். அதன் கரையில் 1581 முதல் பல்கலைக்கழகம் பயன்படுத்தி வரும் பழைய கட்டடம் இருக்கிறது. முன்பு கன்னியர் மடத்தின் தேவாலயமாக இருந்தது அது. பட்டம் பெறுபவர்கள் கையெழுத்திடும் சிறிய அறையின் சுவர்களைக் கட்டாயம் பாருங்கள். 1940 நவம்பர் 26 ஆம் திகதி, ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்போது, யூதர் என்ற காரணத்துக்காகப் பேராசிரியர் மெய்யர்ஸ் பதவிநீக்கப்பட்டதைக் கண்டித்துச் சட்டபீடாதிபதி கிளெவரிங்கா உரையாற்றியது அந்தக் கட்டடத்தின் மண்டபத்தில்தான். மாணவர்கள் விரிவுரைகளைப் புறக்கணித்தார்கள், ஆக்கிரமிப்பாளர்கள் பல்கலைக்கழகத்தையே மூடினார்கள், அவரும் சிறை சென்றார். சட்ட மாணவி ஒருத்தி நின்று யோசிக்க வேண்டிய இடம் அது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. புதிய புதிய தெருக்களைத் தேடி ஓடுவதைவிட, ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து மாதந்தோறும் அதையே நடந்து பாருங்கள். மரங்கள் இலையுதிர்த்த பின்புதான் தெரியும் கல்வெட்டுகளும் கூரைமுகப்புகளும் பல உள்ளன.


பதில்: மருதமுனைப் பெண்

சகோதரிக்கு வாழ்த்துகள். ஆசிரியர் எழுதியதை வாசித்தபோது பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. நானும் லெய்டனில் படித்தவள்தான். அவர் தண்ணீரில் தொடங்கச் சொல்கிறார், மறுப்பதற்கில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்த நகரத்தைத் துணியில் இருந்து தொடங்க வேண்டும் என்பேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கைத்தறி ஓடியது. அதனால்தான் அந்தப் பக்கம் என் கண் போயிருக்க வேண்டும்.

1585 இல் ஆன்ட்வேர்ப் நகரம் ஸ்பானியர் கைக்குப் போன காலத்தை ஒட்டி, இன்றைய பெல்ஜியப் பக்கமான தென்புலத்திலிருந்து நெசவாளர்கள் பெருந்தொகையாக அகதிகளாக வடக்கே வந்தார்கள். முற்றுகையில் ஆட்களை இழந்திருந்த லெய்டன் அவர்களை ஏற்றுக்கொண்டது. அவர்களின் உழைப்பில்தான் 17 ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் பெரிய கம்பளித் துணி நகரங்களில் ஒன்றாகவும், ஹொலண்டில் அம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய நகரமாகவும் வளர்ந்தது. 1640 இல் கட்டிய துணி மண்டபம் இன்று அருங்காட்சியகம். நெய்து முடித்த துணியை அங்கே கொண்டுவந்து பரிசோதித்து, தரத்துக்கு ஏற்றபடி ஈய முத்திரை குத்தி அனுப்பினார்கள். உள்ளே போகக் காசில்லாவிட்டாலும் முற்றத்தில் நின்று முகப்பைப் பாருங்கள். கம்பளியைத் துணியாக்கும் வேலைகளைப் படிப்படியாகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். என் உம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பியபோது எந்த விளக்கமும் இல்லாமலே அவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்.

பிறகு கிழக்கே நடந்து மிட்டல்ஸ்டேகிராஹ்ட் என்ற தெருவுக்குப் போங்கள். அங்கே ஒரு பழைய நெசவாளர் வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முன்னறையைத் தறி முழுமையாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆள் நடக்க ஒரு பக்கம் மட்டுமே இடம். பாவு நூல் விறைப்பாக இழுபட்டிருக்க, யன்னல் வெளிச்சம் நேரே அதன்மேல் விழும்படி தறியை நிறுத்தியிருக்கிறார்கள். மிதிகட்டைகள் தேய்ந்து கால் வைக்கும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் ஊரில் வெளிச்சத்துக்காகத் தறியை எங்கே போடுவோமோ, அந்த இடத்தில்தான் அங்கும் போட்டிருந்தார்கள். நீங்கள் ஒடுங்கலான வீடுகளைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. நகரத்துக்குள் குவிந்த தொழிலாளர்களுக்காக இருந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. ராப்பன்பர்க் கரையின் அகலமான மாளிகைகளைப் பார்த்துவிட்டு அதே நாளில் இங்கே நடந்து வாருங்கள். கால்மணி நேர நடைதான். யாருடைய உழைப்பு யாருடைய வீடாக ஆனது என்பது வாசல்களின் அகலத்திலேயே தெரியும். சிறுபிள்ளைகளும் அந்தத் தொழிலில் உழைத்தார்கள் என்பதையும் மறக்காமல் நடக்க வேண்டும்.

வயோதிபர்களுக்கும் ஏழைகளுக்கும் தருமமாகக் கட்டிய, நடுவில் முற்றம் வைத்த சிறு குடியிருப்புகள் அந்த நகரத்தில் முப்பதுக்கும் மேல் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரணக் கதவுதான் தெரியும். பகலில் திறந்திருந்தால் உள்ளே போகலாம், ஆனால் இன்றும் மக்கள் வாழும் வீடுகள் அவை என்பதால் சத்தமின்றிப் போய், யன்னல்களுக்குள் எட்டிப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும்.

தனியே நடப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தலையை மூடிக்கொண்டு நடப்பவள். பழைய நகருக்குள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கும் தயக்கமின்றி நடந்திருக்கிறேன். என்றாலும் அகழியோரப் பூங்காக்களில் இருட்டிய பின் தனியே நடப்பதைத் தவிர்த்தேன், நீங்களும் தவிருங்கள். டிசம்பரில் சூரியன் உதிக்கக் காலை எட்டே முக்கால் ஆகும், மாலை நாலரைக்கே மறைந்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் நடையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆபத்து சைக்கிள்களால்தான் வரும். செந்நிறப் பாதை அவர்களுடையது. படம் எடுப்பதற்காக ஓர் அடி அதில் வைத்தாலும் மணியடித்துக்கொண்டு வந்து மோதிவிடுவார்கள். சப்பாத்து நீர் உட்புகாததாகவும் அடிப்பகுதி தடித்ததாகவும் இருக்கட்டும். செங்கல் பாவிய தெருக்களில் மெல்லிய அடியுள்ளவை கணுக்காலை நோகடிக்கும். குடையைக் காற்று முறித்துவிடும், தொப்பியுள்ள மழைச்சட்டையே நல்லது. பொதுக் கழிப்பறைகளுக்குப் பெரும்பாலும் காசு கேட்பார்கள். மேட்டுக் கோட்டைக்கு அருகே உள்ள பொது நூலகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இளைப்பாறவும் சூடாக இருக்கவும் உதவும்.


பதில்: புளியந்தீவு ஓய்வுநிலை அதிபர்

அன்பு மகளுக்கு, நான் லெய்டனில் வாழ்ந்தவனல்லன். மகளைப் பார்க்கப் போன சமயம் அங்கே சில நாட்கள் நடந்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை சொல்லும் கடமை எனக்கிருப்பதாக நினைக்கிறேன்.

புறப்படுவதற்கு முன் நமது கோட்டையை ஒருமுறை பொறுமையாகச் சுற்றி நடந்துவிட்டுப் போங்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 மே 18 இல் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு கைப்பற்றிய கோட்டை அது. இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதற் கோட்டையும் அதுவே. நான்கு கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. நெடுங்காலம் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி அங்கே இயங்கியதால், பத்திரத்துக்கும் பதிவுக்கும் அலைந்த இடமாகவே நம்மில் பலருக்கு அது தெரியும். கொத்தளத்தின் மூலையில் நின்று, இரண்டு பக்கச் சுவர்களையும் அங்கிருந்து எப்படிப் பார்த்துக் காக்க முடிகிறது என்று கவனியுங்கள். லெய்டன் அகழி ஏன் மடிந்து மடிந்து போகிறது என்று ஆசிரியர் எழுதியதை இங்கே புளியந்தீவிலேயே கற்றுக்கொண்டு போகலாம். இரண்டும் ஒரே கலை, ஒரே காலம்.

அதற்கும் முன்னால், 1602 மே மாத இறுதியில், சீலாந்து மாகாணத்தின் வேர துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் நம் கரையில் வந்து இறங்கி, இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் மன்னன் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். ஒல்லாந்தருக்கும் இந்தத் தீவுக்கும் இடையிலான உறவு தொடங்கிய வாசல் மட்டக்களப்பு. இதை அறிந்துகொண்டு அங்கே நடப்பவர் வெறும் விருந்தாளியாக நடக்க மாட்டார்.

லெய்டனில் நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஓரிடத்தைச் சொல்ல வேண்டுமானால், அது பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தாவரவியற் பூங்கா. 1590 இல் நிறுவப்பட்டது. நெதர்லாந்தின் துலிப் மலர்க் கதைக்கு ஊற்றானவர்களில் ஒருவரான குளூசியஸ் முதலில் ஒழுங்கமைத்த தோட்டம் அது. 1670 களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் பணியாற்றிய பவுல் ஹெர்மன் என்பவர் இங்கிருந்து செடிகளைத் திரட்டி உலர்த்திக் கொண்டுபோய், பின்னர் லெய்டனில் தாவரவியல் பேராசிரியராகி அந்தத் தோட்டத்தைப் பெருக்கினார். அவர் சேர்த்த இலங்கைச் செடிகளை அடிப்படையாகக் கொண்டுதான் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். ஹெர்மனின் பெயர் நிலைத்திருக்கிறது. அவருக்குக் காடுகளில் வழிகாட்டி, இன்ன செடிக்கு இன்ன பெயர், இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று சொல்லிக் கொடுத்த நம் நாட்டு வைத்தியர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. அந்தக் கண்ணாடி இல்லங்களுக்குள் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் வெளியே உறைபனியும் உள்ளே நம் ஊர்ப் புழுக்கமுமாக இருக்கும். கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி முற்றாக ஆவி படிந்துவிட்டது. ஈர மண்ணும் இலையும் சேர்ந்த மணம் வீட்டுக் கிணற்றடியை நினைவுபடுத்தியது.

தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று, முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்ததைச் சொல்லும் சோழர் செப்பேடுகள். நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததனால் லெய்டன் செப்பேடுகள் என்றே அவற்றை நாம் படித்தோம்.

ஒரு விடயத்தில் உறுதியாக இருக்கிறேன். முன்கூட்டியே வாசிக்காமல் நடப்பதில் பயனில்லை. நகரத்தின் வரலாற்றை ஒரு நூலிலாவது முழுமையாக வாசித்துவிட்டே முதல் நடையைத் தொடங்குங்கள்.


கேள்வி கேட்டவர்: கல்லடி மாணவி

ஆசிரியர் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அதிபர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் அழைத்துக்கொண்டு கோட்டையைச் சுற்றி நடக்கப் போகிறேன்.

இரண்டு விடயங்களை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். கம்பனிக் காலத்து ஆவணங்கள் ஹேக் நகரில் இருப்பதாக அறிகிறேன். ஒல்லாந்த மொழி தெரியாத, வரலாற்று மாணவியும் அல்லாத ஒருத்தி அங்கே போவதில் பயன் உண்டா? அடுத்தது, வாசித்துவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்கிறார் அதிபர் ஐயா. விரிவுரை தொடங்கிவிட்டால் சட்டநூல்களுக்கே நேரம் போதாது என்று பயமாக இருக்கிறது.


பதில்: ஆரையம்பதி ஆசிரியர்

தங்கைக்கு, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதிபர் ஐயாவிடம் நான் படித்தவன் இல்லையென்றாலும் அவர் மீது பெருமதிப்பு உடையவன். இருந்தும் இந்த ஒன்றில் அவரோடு உடன்பட முடியவில்லை. முதலில் நடந்து, எதையாவது பார்த்து இது ஏன் இப்படி என்று கேள்வி எழுந்த பிறகு வாசிப்பதுதான் மனதில் நிற்கும். அந்த வெற்றுப் பூங்காவை நாள்தோறும் கடந்து போனபின் 1807 ஆம் ஆண்டைப் பற்றி வாசிப்பதும், பாடப்புத்தகத்தில் ஒரு திகதியாக வாசிப்பதும் ஒன்றல்ல. ஒரு சிறிய கொப்பியை எப்போதும் வைத்திருங்கள். தெருவின் பெயர், பார்த்தது, கேள்வி ஆகிய மூன்றை மட்டும் நின்ற இடத்திலேயே குறித்துக்கொண்டு, விடையை வார இறுதியில் நூலகத்தில் தேடினால் போதும். சட்டநூல்களிலிருந்து களவெடுக்கும் நேரம் மிகக் குறைவாகவே இருக்கும்.

வாசிக்கவே நேரமில்லாத வாரங்களில் சுவர்க் கவிதைகளைத் தேடி நடக்கலாம். 1992 முதல் அந்த நகரின் வீட்டுச் சுவர்களில் உலகமொழிகளின் கவிதைகளை அந்தந்த எழுத்திலேயே பெரிதாக எழுதி வந்திருக்கிறார்கள். நூறுக்கும் மேல் உண்டு. ரஷ்யக் கவிஞர் ஸ்வெதாயெவாவின் கவிதையோடு தொடங்கியது. ஜப்பானியரான பாஷோவின் கவிதையும் ஒரு சுவரில் இருக்கிறது. ஒவ்வொன்றும் உங்களை ஒரு புதிய தெருவுக்குக் கூட்டிச் செல்லும்.

ஹேக் நகரத்துக்கு லெய்டனிலிருந்து புகையிரதத்தில் கால்மணி நேரம். தேசிய ஆவணக்காப்பகம் அங்கே மத்திய புகையிரத நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அடையாள ஆவணத்தைக் காட்டிப் பதிவு செய்துகொண்டால் வாசிப்பறைக்குக் கட்டணமில்லை. கம்பனியின் ஆவணங்கள் அடுக்கி வைத்தால் ஒரு கிலோமீற்றருக்கும் மேல் நீளும். யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2003 இல் இடம்பெற்றவை. 17 ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தை வாசிப்பது அந்த மொழி தெரிந்தவர்களுக்கே கடினம் என்பதால் கடிதங்களில் கைவைக்க வேண்டாம். வரைபடங்களைக் கேளுங்கள். மட்டக்களப்புக் கோட்டையின் பழைய வரைபடங்கள் அங்கே உள்ளன. வாவி எது, அகழி எது, கொத்தளம் எது என்று பார்த்தவுடனேயே உங்களுக்குத் தெரியும். அதற்கு மொழி தேவையில்லை. அவற்றில் பலவற்றை இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதால், இந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போவதற்கு முன்பே ஒன்றைத் தேடி எடுத்து அச்சிட்டுக் கையில் கொண்டுபோனால் இன்று எஞ்சியிருப்பது எது, மாறியது எது என்று தம்பியோடு சேர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். செய்து பார்த்தால் இங்கேயே எழுதுங்கள், எனக்கும் ஆவலாக இருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். ஒக்டோபர் 3 ஆம் திகதி ஹெரிங்கும் பாணும் பெற்றுக்கொள்ள முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். போய் இறங்கிய வாரத்தில் வதிவிடப் பதிவுக்காக நகரசபைக்குச் செல்லும்போதே அதையும் விசாரித்துவிடுங்கள்.